ஆலைச் சங்கும் வெள்ளைப் பூட்ஸும்

பாதுகாப்பு அதிகாரி வேலையில் ஒரு விசேஷம் உண்டு: நாம் ஒழுங்காக வேலை பார்த்தால் ஒன்றுமே நடக்காது, ஒன்றுமே நடக்காவிட்டால் இந்த ஆளுக்கு எதற்குச் சம்பளம் என்று கேட்பார்கள்.

பாதி வழி போன பிறகு கேஸை மூடினோமா என்று சந்தேகம் வந்து வீட்டுக்குப் போன் போடுகிறவர்கள் யாராவது இதைப் படித்துக்கொண்டிருந்தால், அவர்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை. நாமெல்லாம் ஒரே கட்சி. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைப் பக்கம், இறாலைச் சுத்தம் செய்து உறைய வைத்து வெளிநாட்டுக்கு அனுப்பும் கம்பெனியில் எனக்கு உத்தியோகம். திருநின்றவூரில் வீடு. விடியும் முன்பே கம்பெனி வேன் வந்து அள்ளிக்கொண்டு போகும்.

இறால் கெடாமல் இருக்கக் குளிர் வேண்டும், குளிருக்கு அம்மோனியா வேண்டும். அம்மோனியா குழாய்க்குள் இருக்கும்வரை பரம சாது. வெளியே வந்துவிட்டால் முதலில் கண், அப்புறம் தொண்டை, அப்புறம் நுரையீரல். மெஷின் ரூமுக்கு அடுத்த கட்டடத்தில் நீளமான ஹாலில் நின்றுகொண்டு இறால் உரிக்கிற பெண்கள் இருநூறு பேருக்கு மேல். சங்கு ஊதினால் இவர்கள் ஓடுவார்களா? வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து என்னை விடாமல் துரத்துகிற கேள்வி இது ஒன்றுதான். எல்லோரும் அதைச் சைரன் என்கிறார்கள். பழைய படங்களில் ஆலைச் சங்கு என்பார்கள், எனக்கு அதுதான் வாயில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

யாரும் அழாத படம்

புதிதாகச் சேர்கிறவர்களுக்கு முதல் நாளே பாதுகாப்புப் படம் காட்ட வேண்டும் என்பது விதி. எங்களிடம் இருந்தது எந்த நாட்டிலோ எடுத்து, யாரோ தமிழில் குரல் கொடுத்த படம். மஞ்சள் ஹெல்மெட் போட்ட பொம்மை மனிதன் ஒருவன் வந்து, ஆபத்துக் காலத்தில் பதற்றம் கொள்ளாதீர்கள் என்று செய்தி வாசிப்பதுபோல் சொல்வான். பார்த்தவர்கள் யாரும் பதற்றம் கொள்ளவில்லை. தூங்கிவிட்டார்கள். பழவேற்காட்டுப் பக்கத்துக் குப்பங்களிலிருந்தும் பொன்னேரிப் பக்கத்துக் காலனிகளிலிருந்தும், இருட்டோடு எழுந்து சோறாக்கி வைத்துவிட்டு, கம்பெனி பஸ் பிடித்து வருகிறவர்கள். ஏசி அறையில் விளக்கையும் அணைத்துவிட்டால் வேறென்ன செய்வார்கள்?

விழித்திருந்தது தேசம்மா மட்டும்தான். ஏரியில் மீன் பிடிக்கிற குடும்பம். ஹாலில் பழைய ஆள் என்பதால் புதியவர்களைக் கூட்டிவந்து உட்கார வைப்பது அவர் பொறுப்பு. வாய் கொஞ்சம் ஜாஸ்தி, ஆனால் வெறும் வாயில்லை. படம் எப்படி இருந்தது என்று கேட்டேன். வெற்றிலையை இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்கு மாற்றி, நிதானமாக யோசித்துத்தான் பதில் சொன்னார்.

"படம் இன்னாவோ நல்லாத்தான் கீது சார். ஒருத்தரும் அழுவல, ஒருத்தரும் சிரிக்கல, யாருக்கு இன்னா ஆச்சின்னே தெர்ல. அப்புறம் எங்கேர்ந்து பயம் வரும்?"

டூரிங் டாக்கீஸில் கட்டிய அணை

தேசம்மா சொன்னது எனக்கு உறைத்தது, ஏனென்றால் நான் சினிமாவால் கெட்டுப்போனவன். கடம்பத்தூரில் எங்கள் வீட்டுக்கு நாலு தெரு தள்ளி டூரிங் டாக்கீஸ். அங்கே நான் பார்த்ததெல்லாம் நான் பிறப்பதற்கு முன்னால் வந்த படங்கள், பாதிக்கு மேல் கறுப்பு வெள்ளை. படத்துக்கு முன்னால் அரசாங்கச் செய்திப்படம் ஓடும். கூட வந்தவர்கள் அந்த நேரம் பார்த்து முறுக்கு வாங்கப் போய்விடுவார்கள். நான் வாயைப் பிளந்துகொண்டு பார்ப்பேன். அணை கட்டுவார்கள். உலையில் இரும்பைக் காய்ச்சி ஊற்றுவார்கள். தலைவர் ஒருவர் பொத்தானை அழுத்த, ராட்சதச் சக்கரம் சுற்ற ஆரம்பிக்கும். தேசம் முன்னேறுகிறது என்று கம்பீரமான ஒரு குரல் சொல்லும். அப்புறம் படம். கதாநாயகன் ஆலைக்கு வேலைக்குப் போவான், அவன் வெள்ளைச் சட்டையில் ஒரு சொட்டு கிரீஸ் ஒட்டாது. சங்கு ஊதும், இரும்பு கேட் திறக்கும், நூறு பேர் தூக்குச்சட்டியோடு சிரித்துக்கொண்டே வெளியே வருவார்கள், பாட்டு ஆரம்பமாகும். தொழிற்சாலை என்றால் நல்ல காலம் என்று நான் முடிவு கட்டியது அந்த மணல் தரையில் உட்கார்ந்துதான்.

இன்றைக்குக் கும்மிடிப்பூண்டியைப் பார்க்கும்போது, அந்தக் குரல் சொன்னது பொய் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. புகைபோக்கிகள் வந்துவிட்டன. கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கின்றன. எங்கள் இறால் கப்பலேறிப் போய், பெயரை உச்சரிக்கவே நான் திணறுகிற ஊர்களில் தட்டில் விழுகிறது. தலைமுறை தலைமுறையாக அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்ட குடும்பத்துப் பெண்கள் தங்கள் பெயரில் வங்கிக் கணக்கு வைத்திருக்கிறார்கள், மகளை இன்ஜினீயரிங் சேர்க்கிறார்கள். இதெல்லாம் சின்ன விஷயமில்லை. ஆனாலும் வேனை விட்டு இறங்கியதும் நான் முதலில் செய்கிற காரியம், மூக்கை உயர்த்தி மோந்து பார்ப்பது.

ஒரு நாள் டீ குடிக்கும்போது மெஷின் ரூம் ஆபரேட்டர் ஏகாம்பரத்திடம் இந்தச் செய்திப்படக் கதையை எல்லாம் சொன்னேன். இவ்வளவு முன்னேறிய பிறகும் எனக்கு மட்டும் ஏன் இந்தப் பயம் போகமாட்டேன் என்கிறது என்று கேட்டேன். கம்ப்ரஸர் இரைச்சலிலேயே வாழ்ந்து பழகியவர், ரகசியத்தைக்கூட உரக்கத்தான் சொல்வார்.

"நீங்க பாத்த படத்துல வாசன வராதில்ல சார், அதான்."

பிரமிளா மேடத்தின் கிருமி

பொம்மை மனிதனுக்கு ஓய்வு கொடுத்துவிட்டு, பழைய படங்களிலிருந்து துண்டு துண்டாகப் பென் டிரைவில் கொண்டுவந்து சனிக்கிழமைகளில் கேன்டீன் டிவியில் போட ஆரம்பித்தேன். முதலில் போட்டது என் உயிருக்குயிரான காட்சியை. சங்கு ஊதுகிறது, கேட் திறக்கிறது, தூக்குச்சட்டிகள், பாட்டு. சத்தம் காதுக்குப் பழகட்டும் என்பது என் திட்டம். பெண்கள் கைதட்டி ரசித்தார்கள். அடுத்த வாரமே வெளியேறும் ஒத்திகை வைத்தேன். சங்கு ஊதியது. கேன்டீனில் இருந்த கூட்டம் டிபன் டப்பாவைக் கையில் எடுத்துக்கொண்டு, சிரித்துப் பேசியபடி ஆடி அசைந்து வெளியே வந்தது. ஒருத்தி பாடிக்கொண்டே வந்தாள்.

அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். ஹாலுக்குள் இருந்தவர்கள் வரவே இல்லை. உள்ளே ஓடிப்போய்ப் பார்த்தால், வாசலுக்கு முன்னால் ஒழுங்காக வரிசையில் நிற்கிறார்கள். எங்கள் ஹாலில் எல்லோருக்கும் முழங்கால்வரை வெள்ளை ரப்பர் பூட்ஸ். குளோரின் தண்ணீர்த் தொட்டியில் இறங்கித்தான் உள்ளே வர வேண்டும். அந்தப் பூட்ஸ் வெளி மண்ணில் படவே கூடாது. போகும்போது கழற்றி, அவரவர் நம்பர் போட்ட கம்பியில் தலைகீழாக மாட்டிவிட்டு, செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டுதான் வாசலைத் தாண்ட வேண்டும். கோயில் வாசலில்கூட இவ்வளவு பக்தியை நான் பார்த்ததில்லை. ஒருத்தி தோளை ஒருத்தி பிடித்துக்கொண்டு, ஒற்றைக் காலில் நின்று பூட்ஸை உருவிக்கொண்டிருந்தார்கள். நிஜமாகவே வாயு வந்திருந்தால் அத்தனை பேரும் அந்த வரிசையிலேயே விழுந்திருப்பார்கள்.

இந்தச் சட்டத்துக்குச் சொந்தக்காரர் பிரமிளா மேடம், தரக் கட்டுப்பாட்டு அதிகாரி. வெளிநாட்டுக்காரனின் பரிசோதனையில் ஒரு கிருமி அகப்பட்டால் சரக்கை அப்படியே திருப்பி அனுப்பிவிடுவான். அவர் கவலை அவருக்கு. ஆபத்து நேரத்திலாவது பூட்ஸோடு ஓடலாம் என்று ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள் என்று கெஞ்சினேன். ஒரு தடவை பூட்ஸோடு வெளியே போன கால் அப்புறம் டீ குடிக்கவும் பூட்ஸோடுதான் போகும் என்றார். கொஞ்சம் குரலை உயர்த்திப் பார்த்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"உங்க வாயு என்னைக்காவது ஒரு நாள் வரலாம் சார், வராமலும் போகலாம். என் கிருமி தினமும் வேலைக்கு வருது."

நெருப்புக் காட்சியில் ஒரு கேள்வி

படத்தால் வந்த வினையைப் படத்தாலேயே தீர்க்கப் பார்த்தேன். உட்கார்ந்து யோசித்ததில் ஒன்று புரிந்தது. நான் கொண்டாடிய அத்தனை படங்களிலும் சங்குச் சத்தம் கேட்டு ஒருவர்கூட ஓடியதில்லை. கூட்டம் ஓட வேண்டுமென்றால் வில்லனின் ஆட்கள் ஆலைக்குத் தீ வைத்தாக வேண்டும். அப்படி ஒரு உச்சக்கட்டக் காட்சியைத் தேடிப் பிடித்துக்கொண்டு வந்தேன். பஞ்சு குடோன். தூணில் கட்டிப்போட்ட அம்மா, தங்கை, காதலி. சுற்றிலும் நெருப்பு. கதாநாயகன் மேலே கண்ணாடியை உடைத்துக்கொண்டு குதிக்கிறான்.

குதிக்கிற இடத்தில் படத்தை நிறுத்தினேன். அப்படியே அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தான். இந்தக் குடோனுக்குக் கதவு எங்கே இருக்கிறது என்று கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை. கேட்ட பிறகுதான், சின்ன வயதிலிருந்து இந்தக் காட்சியைப் பார்த்துவருகிற எனக்கே தெரியாது என்பது உறைத்தது. பின்னால் ஓட்டிப் பார்த்தோம். கதவு இருந்தது. ஓரமாக, விரியத் திறந்தே இருந்தது. காமிரா ஒரே ஒரு தடவை அந்தப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு ஹீரோவிடம் திரும்பிவிடுகிறது.

எனக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. கட்டிப்போட்டவர்களை விடுங்கள், சுற்றி நிற்கிற கூலியாட்கள் ஏன் அந்தக் கதவு வழியாக ஓடவில்லை, அண்ணாந்து வேடிக்கை பார்த்துக்கொண்டு ஏன் நிற்கிறார்கள் என்று கேட்டேன். இதுகூடத் தெரியாதா என்பதுபோல் தேசம்மா என்னைப் பார்த்தார்.

"அவங்க ஏன் சார் ஓடணும்? அதான் ஹீரோ வந்துக்கினு கீறாரே."

மூட்டையோடு வந்தவன்

ஒடிசாவிலிருந்து வந்து கம்பெனி ஹாஸ்டலில் தங்கியிருக்கிற பெண்களுக்குத் தமிழ்ப் படம் புரியாது என்று, ஒரு சனிக்கிழமை பழைய இந்திப் படத்துண்டு ஒன்றைப் போட்டேன். கிராமத்துப் பையன் ஒருவன் மூட்டையோடு ரயிலேறிப் பெரிய பட்டணத்துக்கு வருகிறான். ஜன்னலில் காற்று, முகத்தில் சிரிப்பு, உதட்டில் பாட்டு. நாடும் புதிது, நானும் புதிது என்று சொல்கிற மாதிரி ஒரு முகம். பாதுகாப்பைப் பற்றிப் பேசப்போனவன் அதை மறந்துவிட்டு, அந்தக் காலத்தில் நம் தேசம் எவ்வளவு நம்பிக்கையோடு இருந்தது பாருங்கள் என்று பிரசங்கம் செய்தேன்.

சுமித்ரா என்கிற பெண் முகவாயில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெண்களுக்கு என் பேச்சைச் சொல்லிப் புரியவைப்பது அவள்தான். தமிழை ஹாலில் நின்றபடியே கற்றுக்கொண்டவள். நீ எப்படி வந்தாய் என்று அவளிடம் கேட்டுவைத்தேன். பொதுப் பெட்டியில் கழிவறைக் கதவோரம் உட்கார்ந்து வந்ததை, யாருக்கோ நடந்ததுபோல் சாதாரணமாகச் சொன்னாள். வழியெல்லாம் மடியில் இருந்த மூட்டையை மட்டும் கீழே வைக்கவில்லையாம். அப்புறம் திரையைக் காட்டிச் சிரித்தாள்.

"நாங்களும் அப்டிதான் வந்தது சார். பாட்டு மட்டும் இல்ல."

ஜி.எம். ரசித்த ஒழுக்கம்

பிரமிளா மேடத்திடம் நடக்காதது மேலே நடக்குமா என்று ஜி.எம்மிடம் போனேன். பூட்ஸ் மாட்டுகிற கம்பிகளை வாசலுக்கு வெளியே ஒரு கூரை போட்டு மாற்றிவிட்டால் போதும், பூட்ஸோடு வெளியே வந்தபின் கழற்றிக்கொள்ளலாம் என்று படம் போட்டுக் காட்டினேன். படம் என்றதும் அவருக்கு வேறு ஞாபகம் வந்துவிட்டது. சனிக்கிழமை ஏதோ பழைய படமெல்லாம் போடுகிறீர்களாமே என்று விசாரித்தார். அவரும் நம் ஆள்தான் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. எந்தப் படத்தில் எந்த நடிகர் எப்படிச் சிகரெட் பிடித்தார் என்பதுவரை பேசினோம். அந்தச் சனிக்கிழமை கேன்டீனுக்கே வந்து, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, ஆலை கேட் திறக்கிற காட்சியை இரண்டு தடவை போடச் சொல்லிப் பார்த்தார்.

படம் முடிந்து கூடவே நடந்து போகும்போது, கூரை விஷயத்தை மெதுவாக ஞாபகப்படுத்தினேன். வெளியே போட்டால் தூசி, எலி, ஆடிட்டில் கேள்வி என்று ஏதேதோ சொன்னார். சரி, ஓட்டமாக வெளியேறப் பழக்கவாவது உத்தரவு போடுங்கள் என்றேன். அவர் நின்று, நான் ஏதோ அபசாரம் பேசிவிட்டதுபோல் என்னைப் பார்த்தார்.

"அந்தக் காலத்துப் படத்துல தொழிலாளிங்களைப் பாருங்க, என்ன ஒழுக்கம். சங்கு ஊதினதும் ஒருத்தராவது ஓடறாங்களா?"

குளிர்பானப் பெட்டிகள்

அந்த நாட்களில் எனக்கு எங்கே போனாலும் கதவுதான் கண்ணில் படும். திருவள்ளூர்த் தியேட்டர் ஒன்றில் நான் உயிரை விடுகிற பழைய படம் ஒன்றைத் துடைத்து மெருகேற்றிப் புதிதாக வெளியிட்டிருந்தார்கள். மனைவி லலிதாவைக் கூட்டிக்கொண்டு போனேன். விளக்கை அணைப்பதற்குள் பார்த்துவிட்டேன். எங்கள் பக்கத்து அவசரக் கதவை மறித்துக் குளிர்பானப் பெட்டிகளை ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தார்கள். அப்புறம் படமாவது ஒன்றாவது. கதாநாயகி அழுகிறாள், எனக்குப் பெட்டிதான் தெரிகிறது. பாட்டு வருகிறது, பாட்டிலெல்லாம் பெட்டி.

இடைவேளையில் தியேட்டர்காரரிடம் சொன்னேன். எடுத்துவிடுகிறோம் என்றார், எடுக்கவில்லை. உச்சக்கட்டக் காட்சியில் எனக்குப் பொறுக்க முடியாமல் நானே எழுந்து போய் ஒவ்வொரு பெட்டியாகத் தூக்கி ஓரமாக வைக்க ஆரம்பித்தேன். பாட்டில்கள் கலகலத்தன. உட்காருய்யா என்று நாலா பக்கமும் சத்தம். வேர்த்து வழிந்துகொண்டு திரும்பிவந்து உட்கார்ந்தபோது திரையில் வணக்கம் போட்டுவிட்டார்கள். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது லலிதா கேட்டாள்.

"நான் அங்க அழுதுக்கினு இருக்கேன், நீங்க சோடாப் பெட்டி தூக்கிக்கினு இருக்கீங்க. நாட்டுல இருக்கிற கதவெல்லாம் உங்க தலையிலயா எழுதியிருக்கு?"

சனிக்கிழமை

அது வந்தே விட்டது. மழை விட்ட மறுநாள், சனிக்கிழமை, மதிய இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால். அன்றைக்கு என்ன படத்துண்டு போடலாம் என்று யோசித்துக்கொண்டே, நானும் பூட்ஸோடு ஹாலுக்குள் நின்றிருந்தேன். மெஷின் ரூமில் ஒரு வால்வைச் சரிசெய்துகொண்டிருந்த இடத்தில் வாயு பீறிட்டிருக்கிறது. ஏகாம்பரம் முகமூடியை மாட்டிக்கொண்டு குழாயை அடைக்க ஓடியபடியே சங்கைத் தட்டிவிட்டார். சத்தம் வந்ததும் வாசனையும் வந்துவிட்டது. கண் எரிந்தது. ஒத்திகை இல்லை என்பது எல்லோருக்கும் அந்தக் கணமே தெரிந்துவிட்டது. கத்தியைப் போட்டார்கள், இறாலைப் போட்டார்கள், வாசலைப் பார்த்து ஓடினார்கள். ஓடிப்போய், வரிசையில் நின்றார்கள்.

பயத்தில் நடுங்கிக்கொண்டே நின்றார்கள். இருமிக்கொண்டே ஒருத்தி தோளை ஒருத்தி பிடித்தார்கள், ஒற்றைக் காலில் நின்று பூட்ஸை உருவினார்கள். முன்னால் நின்ற தேசம்மாவின் பூட்ஸ் ஈரத்தில் வழுக்கிக்கொண்டு கழலவே மாட்டேன் என்றது. விடு, ஓடு என்று கத்த வாயைத் திறந்தேன். அப்போதுதான் கவனித்தேன். ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் என் இடது பூட்ஸை நானும் உருவிக்கொண்டிருந்தேன்.

ஹாலின் கோடியில் இருக்கும் தன் பரிசோதனை அறையிலிருந்து பிரமிளா மேடம் வந்தார். கத்தவில்லை. சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு, வரிசையைத் தாண்டி விறுவிறுவென்று நடந்து, கம்பிகளைத் தாண்டி, வாசற்படியைத் தாண்டி, வெள்ளைப் பூட்ஸோடு வெளியே சேற்றில் காலை வைத்தார். வைத்துவிட்டுத் திரும்பி எங்களைப் பார்த்தார். அவ்வளவுதான். அணை திறந்ததுபோல் அத்தனை பேரும் வெளியே வந்துவிட்டார்கள். காற்றின் திசை பார்க்கக் கூரைமேல் கட்டியிருக்கிற ஆரஞ்சுத் துணியைப் பார்த்து, வாயு வராத பக்கமாக லாரி நிறுத்துமிடத்துக்குக் கூட்டிக்கொண்டு ஓடினேன், ஒரு காலில் பூட்ஸ், ஒரு கையில் பூட்ஸ். சுமித்ராவையும் இன்னும் சிலரையும் கண்ணெரிச்சலுக்காக ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம், சாயங்காலமே திரும்பிவிட்டார்கள். ஏகாம்பரம் வால்வை அடைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். ஒருவர் பாக்கியில்லாமல் வந்துவிட்டார்கள் என்று உறுதியானதும் எனக்கு அழுகை வந்தது. லாரி சக்கரத்தில் சாய்ந்துகொண்டு அழுதேன். பக்கத்தில் பிரமிளா மேடம் நின்றிருந்தார். அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார், அது அம்மோனியாவாகவும் இருக்கலாம். சேறு அப்பிய இருநூறு ஜோடிக் கால்களை ஒரு சுற்றுப் பார்த்தார்.

"இத்தனை பூட்ஸையும் இப்ப யாரு சார் கழுவறது?"

வாசற்படி

அப்புறம் எல்லாம் மளமளவென்று நடந்தது. கூட்டம் போட்டார்கள். ஆபத்துக் காலத்தில் பூட்ஸுடன் வெளியேறலாம் என்று வாசலுக்கு மேலேயே பெரிய பலகை மாட்டினார்கள். அதில் கீழே, தரக் கட்டுப்பாட்டு அதிகாரியின் அனுமதியுடன் என்று ஒரு வரியை யாரோ சேர்த்துவிட்டார்கள். பிரமிளா மேடமே போய்ச் சண்டை போட்டு அந்த வரிமேல் பெயின்ட் அடிக்க வைத்தார். ஒரு பூச்சுத்தான் அடித்தார்கள், உற்றுப் பார்த்தால் இன்றைக்கும் படிக்கலாம். ஜி.எம். கேன்டீன் பக்கம் வருவதை நிறுத்திவிட்டார். நான் சனிக்கிழமைப் படத்தை நிறுத்தவில்லை. நிறுத்தினால் தேசம்மா விடமாட்டார். ஆனால் ஆலை கேட் திறக்கிற காட்சியை மட்டும் போடுவதில்லை. வீட்டில் தனியாகப் போட்டுப் பார்த்துக்கொள்கிறேன்.

போன மாதம் ஒத்திகை வைத்தேன். இந்தத் தடவை எனக்குக் கவலையே இல்லை, அதுவே எனக்குக் கொஞ்சம் கவலையாக இருந்தது. ஹாலுக்குள் வாசல் ஓரமாக நின்றுகொண்டேன். சங்கு ஊதியது. கத்தியைப் போட்டுவிட்டு எல்லோரும் வந்தார்கள். ஓட்டமாகவே வந்தார்கள். ஒருத்தியும் பூட்ஸில் கை வைக்கவில்லை, கம்பிப் பக்கம் திரும்பவில்லை. என் நெஞ்சு நிறைந்துவிட்டது. வாசற்படிவரை வந்தவர்கள் அங்கே அப்படியே நின்றார்கள். படிக்கு ஒரு அடி உள்ளே, வரிசையாக, பூட்ஸோடு. எல்லோரும் பரிசோதனை அறைப் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அங்கே கதவு சாத்தியிருந்தது. கதவு திறந்திருக்கிறது, பலகையில் எழுதியிருக்கிறது, ஏனம்மா நிற்கிறீர்கள் என்று கேட்டேன். எல்லோருக்கும் முன்னால் நின்ற தேசம்மா, கேலியே இல்லாத முகத்தோடு என்னைப் பார்த்தார்.

"மேடம் இன்னிக்கி லீவு சார். மொத கால யாரு வெளிய வெக்கறது?"

கறுப்பு வெள்ளையிலிருந்து கலருக்கு வந்தாயிற்று, மாட்டு வண்டித் தடத்திலிருந்து ஆறு வழிச் சாலைக்கு வந்தாயிற்று, கதவும் விரியத் திறந்துதான் கிடக்கிறது. முதல் காலை யார் வைப்பது என்று மட்டும் இன்னும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்கிறோம், அன்றைக்கு வாசற்படிக்கு உள்பக்கமே நின்றிருந்த நானும் சேர்த்துத்தான்.